இடது பக்கத்து ஆளுக்கு

அந்தக் கூட்டம் ஊர் பார்க்கக் கிளம்பினால் ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரும். அருவிக்குப் போன வருஷம், அருவிக்கு முந்தின வளைவில் முட்டை பொரிக்கிற வாசனை வந்தது. வேன் தானாக நின்றது. அருவி எந்தப் பக்கம் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. முட்டையின் ஓரம் எப்படி மொறுமொறுவென்று இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே குரலில் சொல்வார்கள். கோட்டைக்குப் போன வருஷம் கதவைச் சாத்திய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு அம்மாள் அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டையாவது கொத்தளமாவது.

"இந்தத் தடவையாவது எனக்கு ஒரு மலையைக் காட்டுங்கப்பா" என்றார் வாத்தியார். பூகோள வாத்தியார். கழுத்தில் பைனாக்குலர் தொங்கியது. வாங்கின நாளிலிருந்து அதில் அவர் பார்த்ததெல்லாம் தூரத்துச் சாப்பாட்டுக்கடைப் பலகைகள்தான்.

"மலை எங்கயும் போகாது சார். சூடு ஆறிடும்" என்றான் ஸ்பேனர். மெக்கானிக். வேன் அவனுடையது.

பின் இருக்கையில் ஜன்னலோரம் எக்ஸ்ரே உட்கார்ந்திருந்தான். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஸ்பேனருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. வாத்தியாருக்குச் சகலை. அதாவது, வாத்தியார் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவள் இப்போது இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

அவன் வருவதாகவே இல்லை. அக்காதான் காலையில் வாசலில் வந்து நின்றாள். அக்கா, வாத்தியார் மனைவி, தையல்கடை வைத்திருக்கிறவள். ஆளைப் பார்த்தால் முதலில் அளவுதான் அவள் கண்ணில் படும்.

"சட்டை தோள்ல இருந்து இறங்குது தம்பி" என்றாள். அதற்குமேல் வேனில் ஏறாமல் தப்பிக்க அவனுக்கும் வழி தெரியவில்லை.

ஆனால் ஒரு முடிவோடுதான் ஏறினான். முதல் சாப்பாட்டில் சொல்லிவிட வேண்டும். இதுதான் கடைசி, இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு தலை குறைகிறது. பார்க்காமல் இருந்தால் குறையாது. கணக்கு அவ்வளவுதான்.

மனைவியை அவன் முதலில் பார்த்ததே சாப்பாட்டு விவகாரத்தில்தான். தொண்டையில் மீன்முள் சிக்கி எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். கழுத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி, "மூச்சைப் பிடிங்க, எச்சில் முழுங்காதீங்க" என்றான். படத்தில் முள் மெல்லிய கோடாகத் தெரிந்தது. டாக்டர் எடுத்துவிட்டபின், கதவருகே நின்றவளிடம், "இனிமே மீன் பக்கம் போகாதீங்க" என்றான்.

"தப்பு பண்ணினது முள்ளு. மீன் என்ன பண்ணுச்சு?" என்றாள்.

பதிலுக்கு அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டான்.

பயணத்தின் சட்டத்தைப் போட்டதும் அவள்தான். முதல் பயணத்தில் எதைச் சாப்பிடுவது என்று மேஜையில் ஒரே ரகளை. சர்வர் வந்து வந்து திரும்பிப்போனார். அவள் தண்ணீர் டம்ளரை மேஜையில் தட்டினாள். "இனிமே யாரும் தனக்குச் சொல்லிக்கக் கூடாது. அவங்கவங்க இடது பக்கத்து ஆளுக்குச் சொல்லணும். வர்றதை மறுபேச்சு பேசாம சாப்பிடணும். சொல்ல மறந்தா பக்கத்து ஆள் பட்டினி."

அன்றிலிருந்து அதே வரிசை. அக்கா தங்கைக்குச் சொல்வாள். அவள் எக்ஸ்ரேக்கு. எக்ஸ்ரே ஸ்பேனருக்கு. ஸ்பேனர் வாத்தியாருக்கு. வாத்தியார் சுற்றி வந்து அக்காவுக்கு. ஒருமுறை ஸ்பேனர் வேண்டுமென்றே வாத்தியாருக்கு வெறும் வெள்ளரிக்காய் சொன்னான். மனிதர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முழுத்தட்டையும் தின்று முடித்தார். அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். மறுநாள் பார்த்த ஏரியின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த வெள்ளரிக்காய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது.

வருஷக்கணக்காக அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அவன் யோசித்ததில்லை. அவள் யோசித்தாள். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி கேன்டீனில் வரிசையில் நின்று, "முன்னாடி போனவருக்குக் கொடுத்ததே கொடுங்க" என்பான். நின்றபடியே முடித்துவிடுவான். அது உப்பா புளிப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மதியம் மலையடிவாரத்தில் ஒரு கடை. சுத்தமான கடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை நின்றது. உள்ளே நுழைந்ததும் வாத்தியார் பழக்கத்தில், "அஞ்சு பேர்" என்று சொல்லிவிட்டார்.

சர்வர் வட்டமேஜையில் ஐந்து டம்ளர் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. பைனாக்குலரைத் துடைக்க ஆரம்பித்தார். நாற்காலியை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அக்கா உட்கார்ந்தாள். அவளுக்கு இடப்பக்கம் காலி. அதற்கும் இடப்பக்கம் எக்ஸ்ரே.

"சொல்லுங்கம்மா" என்றார் சர்வர்.

அக்கா காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, "ஒரு மீன் வறுவல். எலுமிச்சை தனியா..." என்றவள், பாதியில் நிறுத்தினாள்.

சர்வர் எழுதிக்கொண்டுவிட்டார். ஸ்பேனர் வாத்தியாருக்குக் கோழி சொன்னான். வாத்தியார் அக்காவுக்குக் காய்கறிச் சாதம் சொன்னார்.

"சாருக்கு?"

"எனக்கு டீ போதும்" என்றான் எக்ஸ்ரே.

"தனக்குத் தானே சொல்லக் கூடாது" என்றான் ஸ்பேனர்.

"விடுறா."

"சரி, எனக்கு?"

"எதையாவது சொல்லிக்கோ."

"அதெப்படி? எனக்கு நீதான் சொல்லணும்."

"டேய், விளையாடாத."

"நான் விளையாடல மச்சான். நீ சொல்லல, நான் பட்டினி. சட்டம் அப்படித்தான்." ஸ்பேனர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துகொண்டான். சர்வர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

தட்டுகள் வந்தன. அக்காவும் வாத்தியாரும் கையை வைக்கவில்லை. மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் சர்வர் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் மலையைப் பார்த்தான். அவன் வயிறு சத்தம் போட்டது.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று எக்ஸ்ரே வாயைத் திறந்தான். இதுதான் கடைசி.

அப்போதுதான் கவனித்தான். ஸ்பேனர் தண்ணீர் குடித்தான். டம்ளரை வலப்பக்கம் சாய்த்து, இடக்கன்னத்தைத் தொடாமல் குடித்தான். குடித்ததும் கண்ணை ஒரு நொடி இறுக்கினான். இடது தாடை லேசாக உப்பியிருந்தது. காலையிலிருந்து கூடவே இருக்கிறவன். இப்போதுதான் தெரிகிறது.

"பல்லு எத்தனை நாளா வலிக்குது?"

"யாருக்கு?"

"உனக்குத்தான்டா. கீழ்க்கடைவாய். வீங்கியிருக்கு."

"ஒண்ணுமில்ல. பட்டினி கிடந்தா பல்லு வலி தெரியாது."

எக்ஸ்ரே சர்வரைக் கைகாட்டிக் கூப்பிட்டான். "இவனுக்கு ஒரு சூப். ரொம்பச் சூடு வேண்டாம். மெத்துனு ரெண்டு ரொட்டி, ஓரத்தை வெட்டிட்டு."

"அடப்பாவி! நான் கோழி வாசனைல உயிரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சூப்பா?"

"மறுபேச்சு பேசக் கூடாது" என்றார் வாத்தியார். வெள்ளரிக்காய் வழக்கு தீர்ந்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. கோழிக்காலை ஸ்பேனர் கண்ணெதிரே தூக்கிக் காட்டிவிட்டுக் கடித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. மீன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழக்கத்துல வாயில வந்திருச்சு தம்பி. திருப்பிக் கொடுத்திரலாமா?"

அவன் எழுந்தான். வலப்பக்கம் ஒரு நாற்காலி தள்ளி, அவள் இடத்தில் உட்கார்ந்தான். அக்காவுக்கு இடப்பக்கம்.

"நீங்க எனக்குத்தானே சொன்னீங்க" என்றான்.

ஸ்பேனர் ஒன்றும் கேட்காமல் டம்ளரோடு நகர்ந்து அவனுக்குப் பக்கத்தில் வந்தான். வாத்தியார் தட்டை இழுத்துக்கொண்டு ஸ்பேனருக்குப் பக்கத்தில் வந்தார். காலி நாற்காலி அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போனது. பைனாக்குலரை அதில் வைத்தார்.

எக்ஸ்ரே மீனைப் பிய்த்தான். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அவள் முள் எடுக்கிறபோது பேச்சை நிறுத்தமாட்டாள், அதனால்தான் சிக்கும். எலுமிச்சையைப் பிழிந்தான். வாயில் போட்டான். உப்பு கொஞ்சம் தூக்கல். தோல் மொறுமொறு. மிளகு நாக்கின் நுனியில் சுரீரென்றது. மெதுவாக மென்றான்.

"எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"உப்பு ஜாஸ்தி."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாதத்தில் கை வைத்தாள். "அவளுக்கு உப்பு ஜாஸ்தியா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றாள்.

மேலே போய்ச் சேரும்போது மலையை மேகம் மூடியிருந்தது. வாத்தியார் பைனாக்குலரில் வெள்ளையைப் பார்த்தார். "பூகோளம் படிச்சு என்ன பிரயோஜனம்" என்று பொதுவாகச் சொன்னார். இரவு தங்கும் விடுதிக்கு இறங்கும் வழியில் ஸ்பேனர் ஒற்றைக் கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து படம் எடுத்துக்கொள்வதாகச் சத்தியம் வாங்கியாகிவிட்டது.

எக்ஸ்ரே முன்னால் குனிந்தான்.

"அக்கா, நாளைக்குக் காலைல எனக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"அதை முன்னாடியே சொல்லக் கூடாது தம்பி" என்றாள் அக்கா, திரும்பாமல்.