ஆர் கேட்டாலும் ஓம்

ஆலோசகர் வேலைக்கான நேர்முகத்துக்கு வந்த மூன்று பேரில் உதயரூபனுக்குத்தான் தக்ஷாயினி ஆகக் குறைந்த புள்ளியைப் போட்டாள். கடைசியில் அவரைத்தான் எடுத்தார்கள். அவளுக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் விழுந்துவிட்டது.

கல்லடியில் இருந்த அந்த மனிதாபிமான உதவி நிறுவனத்தில் அவள் பதினொரு வருடமாகத் திட்ட அலுவலர். எத்தனையோ வேலை பார்த்தாள், ஆனால் பெற்ற பிள்ளையைப் போல அவள் பார்த்துக்கொண்டது ஒன்றைத்தான். அது ஒரு எஞ்சின் தோணி. மாரி வந்து வெள்ளம் ஏறினால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் கிராமங்களுக்கு வீதி இல்லாமல் போய்விடும். அந்த நாட்களில் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் இந்தக் கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தத் தோணிதான். எரிபொருள், ஓட்டியின் சம்பளம், எஞ்சின் திருத்தம் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அக்கரையில் ஒன்பது பெண்கள் சேர்ந்த குழு ஒன்று தோணியைப் பார்த்துக்கொண்டது. அதற்குத் தலைவி கண்ணகை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் வேலையால் சனத்தின் வாழ்வில் என்ன மாறுகிறது, எந்த வழியால் மாறுகிறது என்று ஒரு மாற்றக் கோட்பாடு எழுத வேண்டும், அதற்கு வழிகாட்ட ஓர் ஆலோசகரை எடுங்கள் என்றது கடிதம். அலுவலகத்தில் எல்லோரும் அதைச் சுருக்கமாகத் தியரி என்றார்கள். தியரி என்ற பேச்சையே தக்ஷாயினி நம்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு மாவட்டத்து அலுவலகத்துக்கும் இப்படித்தான் ஒருவர் மடிக்கணினியோடு போனார். சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கீறி, அம்புக்குறி போட்டு, எல்லோரோடும் சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஆறு மாதத்தில் அந்த அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. அங்கே வேலை பார்த்த றிஸானா இன்றைக்கும் தொலைபேசி எடுத்தால் அந்தக் கதையைத்தான் சொல்லுவாள்.

ஆகவே ஆலோசகருக்கான பணி விபரம் மேசைக்கு வந்ததும் தக்ஷாயினி சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தாள். மூடுதல், குறைத்தல், விலகுதல் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று வரி வரியாகத் தேடினாள். மூன்றாம் பக்கத்தில் 'நிறுவனம் விலகக்கூடிய வேலைகள்' என்று ஒரு தலைப்பு அகப்பட்டது. அதன் கீழே மூன்று கோடு இழுத்து, நினைத்தது சரிதான் என்று தாள்களை மூடி மேசை லாச்சிக்குள் போட்டாள்.

நேர்முகத்தில் அவள் மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"நீங்க வழிகாட்டின திட்டங்கள்ள எத்தினைய பிறகு மூடிப்போட்டாங்க?"

முதல் இருவரும் சுற்றி வளைத்து எங்கேயோ போனார்கள். உதயரூபன் கொஞ்சம் யோசித்து, "நாலு," என்றார்.

அலுவலகப் பொறுப்பாளர் ஸாஹிருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. "மறைக்காமச் சொல்றாரே மிஸ், ஆள் நேர்மை," என்றார் பிறகு.

"கழுத்தறுத்தவன் நாலு பேர் எண்டு ஒத்துக்கொண்டா நல்லவனாயிருவானா, சேர்?"

ஸாஹிர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். தக்ஷாயினிக்கு அந்தச் சிரிப்பிலும் சந்தேகம்தான்.

உதயரூபன் பக்கத்து நாவற்குடாவில் பிறந்து வளர்ந்து, வேலைக்குக் கொழும்புக்குப் போனவர். வந்த முதல் நாளே ஊர்க் கதை பேசி எல்லோரையும் வளைத்துப் போட்டார். தக்ஷாயினி மட்டும் வளையவில்லை. முதல் கிழமை முழுவதும் அவர் பழைய அறிக்கைகளைப் படித்தார். ஒவ்வொரு கோப்பை மூடும்போதும் ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதினார். அவள் தேநீர்க் கோப்பையோடு அவருக்குப் பின்னால் நாலு தரம் நடந்து பார்த்தாள். ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

"எண்ட எழுத்து எனக்கே விளங்காது மிஸ். வீணாக் கண்ணக் கெடுத்துக்கொள்ளாதீங்க," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமும் அவர்மேல் கோபமாகத்தான் திரும்பியது.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வெள்ள எச்சரிக்கைப் பயிற்சியைப் பற்றிப் பேசினாலும், பள்ளிக்கூடப் பைகளைப் பற்றிப் பேசினாலும், கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். வியாழக்கிழமை தோணியின் முறை வந்தது.

"இந்தத் தோணி இல்லாமப் போனா ஆருக்கு என்ன நடக்கும், மிஸ்?"

பார்த்தியா, கண்ணி வைக்கிறான் என்று நினைத்தாள் தக்ஷாயினி. சனம் தவிக்கும் என்று சொன்னால், பதினொரு வருடம் செய்தும் சனம் இன்னும் நிறுவனத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, திட்டம் தோல்வி என்று எழுதுவான். இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் இது. பணம் தந்துவிட்டுப் பார்க்க வருகிற விருந்தாளிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் போன பிறகு நீங்கள் தனியாக நிற்பீர்களா? அதற்குச் சரியான பதிலும் ஒன்றுதான். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் வருடா வருடம் தோணிக்கு உதவி வந்தது.

"ஒண்டும் நடக்காது," என்றாள். "குழு இருக்கு. சனம் தாங்களே கொண்டு நடத்தும்."

உதயரூபன் பேனையை நிறுத்தினார். "நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப நான் ஒருக்காப் போய்ப் பாக்கிறன்," என்று கொப்பியை மூடினார்.

அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அவள் கண்ணகைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, நாளைக்குக் கொழும்பால ஒராள் வாறார்."

"வரட்டும் புள்ள. வழக்கமான பேச்சுத்தானே?"

"வழக்கமானதுதான். ஆனா இந்தாள் லேசுப்பட்ட ஆளில்ல. திருப்பித் திருப்பிக் கேப்பார். இரக்கப்படுற மாதிரிக் கேப்பார். வாயக் குடுத்திராதீங்க."

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

"ஆர் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லணும். ஸாஹிர் சேர் கேட்டாலும் ஓம். ஏன், நானே முன்னுக்கு நிண்டு கேட்டாலும் ஓம். விளங்கிச்சா?"

"விளங்கிட்டு புள்ள. நீங்க கேட்டாலும் ஓம்," என்று சிரித்தாள் கண்ணகை.

அடுத்த நாள் செட்டிபாளையத்தில் வாவிக் கரையிலிருந்து தோணி ஏறினார்கள். வெயில் காலம், தண்ணீர் அமைதியாக, மாரியில் என்ன செய்யும் என்று எதுவும் தெரியாதது போலக் கிடந்தது. உதயரூபன் போய் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இது எத்தினை வருஷத்து எஞ்சின்?" என்று ஓட்டி கோணாமலையிடம் கேட்டார்.

கோணாமலை முதலில் தக்ஷாயினியைப் பார்த்தார். "வயசு போனதுதான் தம்பி. ஆனா நல்லா ஓடும்," என்றார். அவளுக்கு உயிர் வந்தது.

அக்கரையில் பாலர் பாடசாலைக் கட்டிடத்தில் ஒன்பது பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு ஒரு வசனமாக ஒப்புவித்தார்கள். நாங்கள் சொந்தக் காலில் நிற்கிறோம், தோணியை நாங்களே கொண்டு நடத்துவோம். சொல் மாறவில்லை, ஒரு தடுமாற்றம்கூட இல்லை. கடைசியாக வாசல் ஓரத்தில் கண்ணகையின் மருமகள் கஜானி இருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள். உதயரூபன் அவளிடம் மட்டும் கேள்வியை மாற்றினார்.

"தங்கச்சி, நீங்க இந்தத் தோணியில ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா?"

கஜானி பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "நாங்க சொந்தக் கால்ல நிக்கிறம்."

இவளும் பாடமாக்கிவிட்டாளே என்று தக்ஷாயினிக்குச் சந்தோஷமாக இருந்தது. உதயரூபன் எதுவும் எழுதாமல் கொப்பியை மூடினார். எழுதினாலும் சந்தேகம், எழுதாவிட்டாலும் சந்தேகம். திரும்பி வரும் வழி முழுக்க அவள் அந்தக் கொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலக மண்டபத்தில் தியரிக் கூட்டம். சுவரில் மண்ணிறத் தாள் ஒட்டி, அதில் நிறம் நிறமாக அட்டைகள். தலைமையகத்தார் இருவர் திரையில் இருந்தார்கள். குழுவின் சார்பில் கண்ணகையும் கஜானியும் வந்திருந்தார்கள். கண்ணகை நல்ல சேலை உடுத்து முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தாள்.

உதயரூபன் தோணிப் பெட்டிக்கு வந்தார். அதற்கு மேலே ஒரு மஞ்சள் அட்டை: குழு தனியாக நடத்தும், உறுதி. அதிலிருந்து ஓர் அம்புக்குறி அடுத்த பெட்டிக்குப் போனது: மாரிக்கு முன் தோணியைக் குழுவிடம் ஒப்படைத்து நிறுவனம் விலகும்.

"பதினொரு வருஷ அறிக்கை அப்படித்தான் சொல்லுது," என்றார் அவர். "திட்ட அலுவலரும் அதைத்தான் சொன்னா. குழுவில ஒன்பது பேரும் அதையேதான் சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல்ல. ஆனா எண்ட மனச அட்டையில எழுதேலாது. அதால தலைமையகம் தர இருந்த ரெண்டாவது தோணியையும் புது எஞ்சினையும் தேவை இருக்கிற வேற இடத்துக்குக் குடுக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறன்."

"எந்த ரெண்டாவது தோணி?" தக்ஷாயினியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ஸாஹிர் திரும்பினார். இந்த முறை சிரிக்கவில்லை. "பணி விபரத்தில இருந்ததே மிஸ். நாலாம் பக்கம். எந்த வேலையைக் கூட்டணும் எண்டு பாக்கத்தானே இவரை எடுத்தம்."

அவள் மூன்றாம் பக்கத்தோடு மூடிய தாள்கள் அப்படியே லாச்சிக்குள் கிடந்தன. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் தலையோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இது மாரியில் அக்கரையில் நிற்கப்போகிற சனத்தின் தலை.

எழுந்து நின்றாள்.

"பொறுங்க. கண்ணகை அக்காவிட்டக் கேப்பம். அக்கா, நிறுவனம் விட்டுட்டுப் போனா அந்தத் தோணிய உங்களால நடத்தேலுமா? உண்மையைச் சொல்லுங்க."

கண்ணகையின் முகம் மலர்ந்தது. இதற்காகத்தானே அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஓம் புள்ள," என்றாள் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "நாங்க சொந்தக் கால்ல நிக்கிறம்."

"அக்கா, நான் உண்மையாவே கேக்கிறன்."

"நானும் உண்மையாத்தான் சொல்றன்." பயப்படாதே, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது போல அவளுக்கு மட்டும் தெரிய ஒரு தலையாட்டு.

தக்ஷாயினி கண்ணகையை விட்டுத் திரும்பினாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தன்," என்றாள் உதயரூபனைப் பார்த்து. "எல்லாருக்கும் நான்தான். ஆர் கேட்டாலும் ஓம் எண்டு சொல்லச் சொன்னன். நானே கேட்டாலும். நீங்க தோணிய மூட வந்த ஆளெண்டு நினைச்சன்."

"அப்ப அறிக்கைகள்?" என்று திரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதையும் நான்தான் எழுதினன்."

அவள் கண்ணகையின் பக்கம் குனிந்தாள். "போதும் அக்கா. இனி அந்தப் பேச்சு வேணாம். உள்ளதச் சொல்லுங்க."

கண்ணகை இப்போது அவளையே சந்தேகமாகப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், ஸாஹிரைப் பார்த்தாள். "உள்ளதச் சொன்னா தோணிய எடுத்துப்போடுவாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க, புள்ள?"

"சொல்லாட்டித்தான் எடுப்பாங்க."

கண்ணகைக்கு முந்திப் பேசியது கஜானி.

"போன மாரியில எஞ்சின் நடு வாவியில நிண்டுட்டு," என்றாள். "பகல் ரெண்டு மணி இருக்கும். நல்ல மழை. கோணாமலை மாமா கம்பு ஊண்டிப் பாத்தார், ஆழத்தில எட்டல்ல. தண்ணி இழுத்த பக்கமெல்லாம் போனம். எண்ட புள்ள தோணிக்குள்ளதான் பிறந்தது. அழுதது. கரைக்கு வரக்குள்ள அழல்ல."

அவள் அதை ஒப்புவிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டாள் தக்ஷாயினி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அடுத்த கிழமை நீங்க வெளிநாட்டு ஆக்களோட வந்தீங்க," என்றாள் கண்ணகை மெல்ல. "தோணி நல்லா ஓடுதா அக்கா எண்டு கேட்டீங்க. ஓம் எண்டன். இவளையும் கொண்டுவந்து நிப்பாட்டினன்."

அந்த நாள் தக்ஷாயினிக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று எடுத்த படம்தான் வருடாந்த அறிக்கையின் அட்டைப்படம். அது பெரிதாக்கப்பட்டு அவளுக்குப் பின்னால், இதே மண்டபத்துச் சுவரில் தொங்கியது. சிரிக்கிற பெண்களின் ஓரத்தில் சேலைத் தலைப்பால் வயிற்றைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு சிரிக்காமல் நிற்பது கஜானி. படத்துக்குக் கீழே 'இந்த மாரியிலும் ஓர் உயிர்கூட இழக்கப்படவில்லை' என்று எழுதியது அவள்தான். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

உதயரூபன் மஞ்சள் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினார். வெறும் அட்டை ஒன்றையும் பேனையையும் அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு போய்க் கஜானிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லுங்க கஜானி. நீங்க சொல்றத அப்படியே எழுதுறன்."

கஜானி பேனையைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவளை நேராகப் பார்த்தாள்.

"எழுதிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க, மிஸ்," என்றாள்.