தொப்பி தூக்கும் பாலம்

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், இங்கிலாந்தின் ஊர் வழக்கங்களைப் பற்றி ரோவினா பெல்லிங் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்குவதென்று தெரியாத மருமகன்கள் எல்லாம் மாமியாருக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் லிங்கன்ஷயரின் ஹாக்கர்பி என்ற ஊர் வருகிறது. அந்த ஊரார் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது தொப்பியைத் தூக்கிப் பாலத்துக்கு மரியாதை செய்வார்களாம். பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து, முந்நூறு வருடத்துக்கும் மேலாக இந்த வழக்கம் நடக்கிறதாம்.

அவள் பார்த்தது என்னவோ ஒரே ஒரு ஆளைத்தான். மழைத் தூறலில் பாலத்தின் நடுவே நின்று, யாருமே இல்லாத கைப்பிடிச் சுவரைப் பார்த்து அவர் தொப்பியைத் தூக்கினார். ஏன் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அறிமுகம் இல்லாத மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்டால் வாய்முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்! மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள், அவரும் ஆமாம் என்றார், அவள் நடையைக் கட்டினாள். மீதிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வீட்டுக்குப் போய் அவளே வைத்தாள்.

இப்போது புதுப் பதிப்பு வரப்போகிறது. வேலையற்றுப்போன யாரோ ஒரு வரலாற்று ஆசிரியர், அந்தப் பக்கம் முழுக்கக் கட்டுக்கதை என்று பதிப்பகத்துக்கு ஏழு பக்கக் கடிதம் எழுதிவிட்டார். பதிப்பாசிரியை இமோஜன் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஆதாரம் இருக்கா ரோவினா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லு. இல்லைன்னா அந்தப் பக்கத்தையே எடுத்துடறேன். ஒரு பக்கம் பொய்ன்னு ஆயிட்டா, மத்த பக்கத்தை எல்லாம் எவன் நம்புவான்?"

ரோவினா அடுத்த ரயிலைப் பிடித்து ஹாக்கர்பி வந்து சேர்ந்தாள்.

பாலத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டமே வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தொப்பியைத் தூக்கிக்கொண்டிருந்தது. தொப்பி இல்லாதவர்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டு எடுத்தார்கள். எதிரே இருந்த பப்பில் தொப்பி வடிவ பிஸ்கட் விற்றார்கள். பப்பை நடத்தும் டெனீஸ் வாசலுக்கே வந்து வரவேற்றாள்.

"என்ன கண்ணு, தொப்பி கொண்டு வரலையா? வாடகைக்கு இருக்கு, எடுத்துக்கோ."

"இந்த வழக்கம் எப்பலேருந்து நடக்குது?"

"அது ஆதிகாலத்துலேருந்து. எங்க தாத்தா ஒரு நாள் தவற மாட்டாராம்."

"உங்க தாத்தாவுக்கு இந்த ஊரா?"

"இல்ல, கிளாஸ்கோ." டெனீஸ் கண்கூடச் சிமிட்டவில்லை. "நான் இங்க வந்தே எட்டு வருஷம்தான் ஆச்சு. ஆனா அவர் இங்க இருந்திருந்தா கண்டிப்பா தூக்கியிருப்பாரு."

ரோவினா விடவில்லை. ஒல்லியாக, தட்டைத் தொப்பி போட்ட ஒரு மனிதரைப் பல வருடம் முன்பு இங்கே பார்த்ததாகச் சொன்னாள்.

"அட, அம்ப்ரோஸ் டில்லி! தினமும் நாலு மணிக்கு டாண்ணு வந்து நிப்பாரு."

"அவர் ஏன் தூக்குறாருன்னு நீங்க கேட்டதுண்டா?"

"ஐயையோ!" டெனீஸ் நெஞ்சில் கை வைத்தாள். "அதெல்லாம் போய் மனுஷன்கிட்ட கேப்பாங்களா?"

நாலு மணிக்கு அவர் வந்தார். எழுபத்தெட்டு வயதிருக்கும். தொப்பியைத் தூக்கினார், சுவரைப் பார்த்துத் தலையசைத்தார். ரோவினா கிட்டே போய்த் தன் பேரைச் சொல்லி, அந்தப் புத்தகத்தை எழுதியவள் தான்தான் என்றாள்.

அம்ப்ரோஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அது நீங்கதானா? மழை வரும்போல இருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க. அப்பவே பெஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவளுக்கு முகம் சிவந்துபோனது. ஆனாலும் இந்தத் தடவை விடக்கூடாது. "மிஸ்டர் டில்லி, நீங்க எதுக்குத் தொப்பியைத் தூக்குறீங்க?"

அவர் மெல்லக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மூரியல்னு ஒருத்தி, பால் பண்ணையில வேலை பார்த்தா. நாலு மணிக்கு வேலை முடிஞ்சதும் இந்த இடத்துல சாஞ்சு நிப்பா. நான் சைக்கிள்ல வருவேன். பேச வாய் வராது. தொப்பியைத் தூக்குவேன், அவ தலையாட்டுவா. இப்படியே ரெண்டு வருஷம் ஓடுச்சு."

"ரெண்டு வருஷமா!"

"பின்ன? அவசரப்பட்டா நல்லாவா இருக்கும்? கடைசியில அவதான், 'அந்தத் தொப்பிக்குக் கீழ வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா'ன்னு கேட்டா. கட்டிக்கிட்டோம். முப்பத்தோரு வருஷம் ஒண்ணா இருந்தோம். அவளைப் பொதைச்ச மறு வாரம்தான் நீங்க வந்தீங்க."

ரோவினாவுக்கு அந்த இடத்திலேயே ஆற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது. ஒரு மனிதரின் துக்கத்தை எடுத்து, முந்நூறு வருடச் சம்பிரதாயம் என்று பேர் வைத்து விற்றிருக்கிறாள்.

"எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கு. இன்னைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துடச் சொல்றேன். இல்ல, இதையெல்லாம் அப்படியே எழுதிடவா?"

"எழுதிடாதீங்க தாயே! விஷயம் தெரிஞ்சா ஊர்ல ஒருத்தன் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். சங்கடப்பட்டுக்கிட்டு ரெண்டு மைல் சுத்தி அடுத்த பாலத்துல போவாங்க. அவங்களை எனக்குத் தெரியாதா?" அம்ப்ரோஸ் பேருந்தைப் பார்த்தார். "எடுக்கவும் வேண்டாம். முதல் பஸ் வந்தப்ப ஆத்துல தள்ளிடலாமான்னு ஆத்திரம் வந்தது வாஸ்தவம். அப்புறம் யோசிச்சேன். உயிரோட இருந்தப்ப மூரியலுக்குத் தொப்பி தூக்கினது ரெண்டே பேரு, நானும் தபால்காரனும். இப்ப பஸ் பஸ்ஸா வந்து தூக்குறாங்க. பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா."

"அப்ப என்மேல கோபம் இல்லையா?"

"இருக்கு," என்றார் அவர். "எழுதினதுக்கு இல்ல. அந்த வாரம் பூரா ஊரே என்கிட்ட மரியாதையா மழையைப் பத்தியே பேசுச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தராவது என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களான்னு அன்னைக்கு அரை மணி நேரம் தூறல்ல நின்னேன். நீங்க என்னையே பாத்தீங்க. கேக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

ரோவினா வாயைத் திறந்தாள். அதற்குள் பையில் போன் அடித்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

"ஆதாரம் கிடைச்சுதா?" என்றாள் இமோஜன்.

"இல்ல. முந்நூறு வருஷத்தை அடிச்சிடு, போரையும் அடிச்சிடு. நான் கேக்காமலே எழுதிட்டேன்னு முதல் வரியிலேயே போடு."

"அதையுமா? உன் பேர் என்ன ஆகும்?"

"ஆகுறது ஆகட்டும். அடுத்த வரி இது." ரோவினா போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்ப்ரோஸிடம் கிசுகிசுத்தாள். அவர் சரி என்று தலையாட்டினார். அவள் போனுக்குத் திரும்பினாள். "எழுதிக்கோ. 'ஹாக்கர்பி பாலத்தில் தொப்பியைத் தூக்குகிறார்கள். முதலில் தூக்கியவர் தினமும் நாலு மணிக்கு அங்கே இருப்பார். ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.'"

"முன்பின் தெரியாத ஆள்கிட்டயா?" இமோஜனின் குரல் சுவர்வரை கேட்டது. "நம்ம ஜனங்க செத்தாலும் கேக்க மாட்டாங்க ரோவினா. நூத்துல ஒருத்தர் கேட்டா பெருசு."

அம்ப்ரோஸ் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.

"ஒருத்தர் போதும்னு சொல்லுங்க," என்றார்.