நான்கு நிமிடப் பிழை

ஆய்வுக் கட்டுரையைத் துறைத் தலைவர்தான் அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உங்க அக்கா பேரு பெருசா அடிபடுது மேடம், பார்த்தீங்களா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் தேநீர்க் கோப்பையோடு நகர்ந்துவிட்டார். அவள் விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள். ஐந்து பெயர்கள். அக்காவுடையது முதலில். மற்ற நால்வரும் யாரென்றே அவளுக்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பியதும் வரைபடத்தின் மேல் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய விண்மீன், அவளுடைய ஒன்பது வருடம். புள்ளிகளின் வரிசையில் ஓரிடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது அவள் விண்மீனைப் பார்க்க மாடிக்கே போகாத பதினேழு நாள் அது. அந்தப் பதினேழு நாள் வெற்றிடத்தையும் விடாமல் அச்சிட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், கருவிகளைப் பழுதுபார்த்தவர்களின் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி: 'தரவு திரட்ட உதவிய நண்பர்களுக்கு நன்றி.'

அக்கா கூடப்பிறந்தவள் அல்ல. விடுதியில் இரண்டு வருடம் மூத்தவள். பேருந்து ஓட்டுநரின் மகளான இவள் இயற்பியலில் பட்டம் வாங்கியதே போதும் என்று ஊரே சொன்னபோது, மேற்படிப்புக்கான விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பிக் கொடுத்தவள். விடிய விடிய விழித்திருக்கிறாள் என்று இவளுக்கு 'ஆந்தை' என்று பேர் வைத்ததும் அக்காதான். வெளிநாட்டில் ஆய்வு செய்ய இருவருக்குமே இடம் கிடைத்தது. அந்த மாதம்தான் இவளுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து படுத்தார். அக்கா போனாள். இவள் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பெடுக்கும் விரிவுரையாளர் வேலையில் உட்கார்ந்தாள். கல்லூரியின் மொட்டை மாடியில் கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்த தொலைநோக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மங்கலான ஒரே ஒரு விண்மீனைப் பிடித்துக்கொண்டாள். அதை ஒரு கோள் குறுக்கே கடக்கும்போதெல்லாம் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். எப்போது குறைகிறது என்று ஒன்பது வருடம் குறித்தாள். "எல்லாத்தையும் அனுப்பி வை, சேர்ந்து எழுதலாம்" என்று போன வருடம் அக்கா கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் அனுப்பிவைத்தாள்.

கட்டுரை சொன்ன பெரிய செய்தி இதுதான்: ஆறாம் வருடத்தில் அந்த மங்கல் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறது, ஆகவே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது. ஆனால் அந்த வருடம் கணினியைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்தவன் கடிகாரத்தைச் சரியாக வைக்கவில்லை. அது நான்கு நிமிடம் பின்தங்கியிருந்ததால், குறித்த நேரமெல்லாம் நான்கு நிமிடம் முன்னதாக விழுந்திருந்தது. அவளும் கவனிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான், மாணவர்களுக்காக வேறொரு விண்மீனின் கணக்கைப் பார்த்தபோது பிடிபட்டது. உடனே அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: 'மீட்டிங்கில் இருக்கிறேன்.'

இன்று அக்கா இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தாள்.

"பார்த்துட்டியா ஆந்தை? நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"என் பேரு இல்லையேக்கா."

"கூட இருக்கிறவங்க ஒத்துக்கல. வெறுமனே பாடம் எடுக்கிறவங்க பேரைப் போட்டா கேள்வி வரும்னாங்க. நானும் சொல்லிப் பார்த்தேன். உனக்கென்ன, நிரந்தர வேலை இருக்கு. எனக்கு வேலை நிலைக்கணும்னா இந்த வருஷம் இது வந்தே ஆகணும். அடுத்ததுல கண்டிப்பா போடுறேன்."

"அந்த ஆறாவது வருஷத்துக் கணக்கைச் சரிபார்த்தீங்களாக்கா?"

"எதுக்கு? நீ எடுத்தது. உன் வேலையில தப்பு இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

இந்த ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் அப்படியொரு வார்த்தை சொன்னதில்லை. அது இந்த வாயிலிருந்து, இந்த நேரத்தில் வர வேண்டுமா? "கிளாஸ் இருக்குக்கா" என்று வைத்துவிட்டாள். அப்போது வகுப்பு எதுவும் இல்லை.

சும்மா இருந்தாலே போதும் என்று தோன்றியது. என்றைக்காவது, எங்காவது ஒருவர் அதே விண்மீனை அளந்து பார்ப்பார். குட்டு தானாக உடையும். அக்காவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் அந்த நினைப்பைக் கன்னத்தில் அதக்கிய மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டு நடமாடினாள். இனிக்கத்தான் செய்தது. மூன்றாம் நாள் ஒரு முதலாமாண்டு மாணவி செய்தித்தாள் துணுக்கோடு வந்து, "மேடம், அந்தப் புதுக் கோள்ல தண்ணி இருக்குமா?" என்று கேட்டாள். அவள் துணுக்கை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். தன்னை ஏமாற்றியதை வேண்டுமானால் விழுங்கிக்கொள்ளலாம். ஆனால் தன் விண்மீனைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பொய் உலவுவதை, அதுவும் தான் விட்ட பிழையிலிருந்து முளைத்த பொய்யை, எப்படி விழுங்குவது?

மதிய இடைவேளையில், கட்டுரை வந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினாள். அக்காவுக்கும் ஒரு பிரதி வைத்தாள். தரவுகள் எடுக்கப்பட்ட மாடி, தொலைநோக்கி, தேதிகள், திருத்திய பட்டியல். குற்றச்சாட்டு என்று ஒரு சொல் இல்லை. கடைசி வரியை மூன்று முறை அழித்து எழுதினாள்: 'கடிகாரத்தைச் சரிபார்க்காத பிழை என்னுடையது.' அதன் கீழே தன் முழுப்பெயரைத் தட்டினாள். அந்த ஒன்பது வருட வேலையோடு சேர்ந்து அவள் பெயர் வெளியே போனது அதுதான் முதல்முறை.

இரண்டரை மணிக்குச் செய்முறை வகுப்பு. மாடியில் சிறிய தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தாள். தட்டளவு வெளிச்ச வட்டம் அதில் விழுந்தது. ஓரமாக மிளகு போல ஒரு கரும்புள்ளி. மாணவர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். புடவை மடிப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"மேடம், நகருது" என்றாள் ஒருத்தி.

"நாமதான் நகருறோம்" என்றாள் அவள்.

வட்டம் மெல்ல அட்டையின் விளிம்பைத் தொட்டு, பிறை போலக் குறைந்து, அட்டையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களின் மேல் ஏறியது. சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.