தலைமாட்டுச் சுவர்

டிரைவர் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. வீட்டுச் சாவிக்கொத்து இப்போது அவருடைய அண்ணன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. வீடு டிரைவர் பெயரில் இருந்தது. இருபத்தாறு வருஷம் அவரோடு அங்கே வாழ்ந்த பல்செட்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஊருக்கு அவர் வாடகைக்கு இருப்பவர். டிரைவருக்கு மட்டும்தான் துணை.

"தம்பி, உங்க ரூமைக் காலி பண்ணிட்டேன். எல்லாம் இந்தப் பெட்டியில இருக்கு, சரிபார்த்துக்குங்க" என்றார் அண்ணன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உபகாரம் செய்யும்போதுகூடக் கையில் பிரம்பு இருப்பது போலவே இருக்கும்.

பல்செட்காரர் பெட்டியைத் திறந்தார். மடிப்புக் கலையாத போர்வை, உறை பிரிக்காத சோப்பு, யார் கண்ணுக்கும் பொருந்தாத மூக்குக் கண்ணாடி. உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்றால் இருவரும் சேர்ந்து இவற்றைச் சின்ன அறையில் பரப்பி வைப்பார்கள். பொய்ப்பல் செய்கிறவருக்குப் பொய் அறை செய்வது பெரிய வேலையில்லை. அங்கே அவர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அண்ணனோ வருஷா வருஷம் வந்து அந்தக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "ஒண்டிக்கட்டைக்கு இது போதும்" என்று பாராட்டிவிட்டுப் போவார். பரீட்சையில் காப்பியடிப்பதைப் பிடிப்பதில் பேர் போனவர். ஒரே சோப்பு இருபத்தாறு வருஷம் கரையாமல் இருந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

"பெரிய ரூம்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றார் பல்செட்காரர். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"அது என் தம்பி ரூம். உங்களுக்கு அங்க என்ன வேலை? பெயிண்டர் வந்தாச்சு. நாளைக்கு வீடு பார்க்க ஆள் வருது."

அண்ணனுக்குப் பின்னால் பல்செட்காரரும் அறை வாசல்வரை போனார். பெரிய அறையில் பெயிண்டர் கட்டிலை நகர்த்தியிருந்தான். தலைமாட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்ணெய்க் கறை. ஒன்று உயரத்தில், மற்றது நான்கு விரல் கீழே. சாய்ந்து உட்கார்ந்து பேசிப் பேசியே ஏறிய கறை.

"சார், இதை நல்லாச் சுரண்டி பிரைமர் அடிக்கணும். இல்லைன்னா எண்ணெய் கசிஞ்சு வந்துடும்."

அண்ணன் கறைகளைப் பார்த்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். இரண்டு வரை எண்ணத் தெரியாதா?

"என் தம்பி இடம் மாறி மாறி உட்காருவான்" என்றார். "பிரைமர் கிரைமர்னு இழுக்காதே. மேலே வெள்ளையை அடி." போன் பேசக் கீழே இறங்கிவிட்டார்.

இந்த ஆளுக்குப் பயந்தா இத்தனை வருஷம் சின்ன அறையில் பொய்ப் படுக்கை விரித்தோம் என்று பல்செட்காரர் நினைத்தார். கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்த்தால் வருமே, அதுதான் வந்தது.

கடவுள் கருணையை யாரிடம் கொடுத்து அனுப்புவார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வெள்ளை தெறித்த பனியனில் அனுப்பியிருந்தார்.

"அண்ணே, அந்தக் கீழ்க்கறை உங்களுதா?" என்று கேட்டான் பெயிண்டர்.

அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"ஆமா. அவர் என்னைவிட உசரம்."

பெயிண்டர் தலையாட்டினான். கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினான். "நான் டீ குடிச்சிட்டு வர அரை மணி ஆகும். அவர் வந்தா சுவர் காயுதுன்னு சொல்லுங்க."

"இன்னும் அடிக்கவே இல்லையே."

"அவருக்கு என்ன தெரியப் போகுது?" கதவருகே நின்று திரும்பினான். "மழைக்காலம் வரட்டும்ணே. வெள்ளைக்கு மேல ரெண்டு பேரும் வந்து உட்கார்ந்துடுவீங்க."

பல்செட்காரர் கட்டிலில் ஏறி, கீழ்க்கறையில் தலை சாய்த்தார். பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்.

போகும்போது பெட்டியை எடுக்கவில்லை. அதிலிருந்தது எல்லாம் அண்ணனுக்காக வாங்கியது.