நிஷாவுக்கு ஒரு பேனர்

"என் மூஞ்சி வோணாம் நைனா. பேரு மட்டும் இருக்கட்டும்."

கூடத்தில் விரித்துக் கிடந்த பத்துக்கு எட்டு பேனரின் ஓரத்தில் நின்று நிஷா சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு. பேனரின் நடுவில் பட்டுப்பாவாடையில் அவள். சுற்றிலும் கவுன்சிலர், தாய்மாமன், கூலிங் கிளாஸ் போட்ட பதினான்கு சித்தப்பாக்கள். இவள் வயசுக்கு வந்ததைக் கோவில்பதாகை பஸ் ஸ்டாப்புக்குத் தெரிவிக்க இத்தனை பேர் கைகூப்ப வேண்டியிருந்தது.

அப்பா வேம்புலி சாமானியர் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். போன வாரம்தான் வளரிளம் பெண்கள் முகாமில் மைக்கைப் பிடித்து, "பொண்ணுங்க மனசுல கீறத வாயத் தொறந்து சொல்லணும்" என்று முழங்கிச் சால்வை வாங்கியிருந்தார்.

"நீதான நைனா சொல்லச் சொன்ன?"

"அது ஸ்கூல்ல. ஊட்ல இன்னாத்துக்கு?"

"பஸ் ஸ்டாப்புல பசங்க பாத்துட்டு சிரிப்பானுங்க."

அம்மா பேபி இடையில் வந்தாள். "எல்லா ஊட்லயும் வெக்கிறாங்க. நாம வெக்கலன்னா பொண்ணுக்கு இன்னா கொறைன்னு கேப்பாங்கடி."

மறுநாள் பள்ளி ஆலோசகர் அருள்மொழியிடம் நிஷா அழுதாள். மாலையே அவர் வீட்டுக்கு வந்தார். வேம்புலி மரியாதை தெரிந்தவர். ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அவளுக்குப் பிடிக்கலைங்க. அவ முகத்தைப் போட அவளக் கேக்கணும் இல்லையா?"

"கரெக்டு மேடம். ஃபங்சனுக்கு வந்து இதையே மைக்ல சொல்லுங்க. நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்."

அருள்மொழி கையில் பத்திரிகையோடு திரும்பிப் போனார்.

விழா அன்று காலை, தெருமுனை பஸ் ஸ்டாப்பில் கட்டிய பேனருக்கு முன்னால் நிஷா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தலையில் பாதி பூ, கையில் கத்தரிக்கோல். தன் முகத்தை மட்டும், காதோரம் பிசிறில்லாமல் வெட்டி எடுத்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எங்கள் தெருவின் ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன. கேட்டால், யாரும் பார்க்கவில்லை.

பிறகு உறவு வந்தது. பேனர் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது. பட்டுப்பாவாடைக்கு மேலே இருந்த ஓட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் தெரிந்தது.

சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன் ஜெயராமன் மட்டும் நின்று, பேனரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் வேம்புலிக்கு வேர்த்துக் கொட்டியது.

"இன்னா மாமா இது? கவுன்சிலர் மூஞ்சி பானை கணக்கா கீது. தாய்மாமன் நானு, ஸ்டாம்பு சைசுல கீறேன்."

சமாதானம் செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த பேனரில் மச்சானுக்குத்தான் பெரிய படம் என்று வேம்புலி கையடித்துக் கொடுத்த பிறகே தட்டு உள்ளே போனது.

நிஷாவின் தங்கை இப்போது ஆறாம் வகுப்பு.