கஸ்பார் பெயரில் ஒரு மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் தெரு மொத்தத்துக்கும் கரண்டை நிறுத்தியவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த புது எலெக்ட்ரிக் காரை வாசலில் நிறுத்தினேன். படுக்கையறை ஏ.சி. பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்துக் காரில் சொருகினேன். இருபது நிமிடத்தில் ஜன்னல் கம்பியோடு வயர் உருகி ஒட்டிக்கொண்டது. தெருக்கோடிக் கம்பத்தில் டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஞாயிறு பதினொன்றரை என்றால் திண்டுக்கல்லில் எல்லா வீட்டு மிக்ஸியிலும் கறிக்கு மசாலா ஓடும் நேரம். எதிர்வீட்டு நர்கீஸ் பாதி அரைபட்ட தேங்காயோடு ஜாரைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

"மரியராஜண்ணே, ஒங்க காருக்குப் பசிச்சா எங்க வீட்டுக் கொழம்புலதான் கைய வைக்கணுமா?"

"பாரும்மா, செத்த நேரத்துல வந்துரும்" என்றேன். வந்தபோது மணி மூன்று. அதுவரை தெருவில் என்னைத் தவிர எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

கோடைரோடு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கிளார்க். சேமநல நிதியில் பாதியைப் போட்டு, பழைய பெட்ரோல் காரையும் கொடுத்துத்தான் இதை வாங்கினேன். வாங்கும்போதே, வீட்டில் சார்ஜர் மாட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். டை கட்டிய விற்பனைப் பையன் சிரித்தான். "சார், வீட்ல போன் சார்ஜ் போடுறீங்கல்ல? அதே மாதிரிதான் சார்." மந்திரிக்காத போனே ஒழுங்காகச் சார்ஜ் ஏறுகிறது, மந்திரிக்கப்போகும் காருக்கு என்ன என்று நானும் நம்பினேன்.

கரண்ட் போன மறுநாள் எலெக்ட்ரீசியன் ஹஸ்ஸானைக் கூப்பிட்டேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. நேராக மீட்டர் போர்டுக்கு முன்னால் போய், துக்க வீட்டுக்கு வந்தவர்போல் கை கட்டி நின்றார்.

"இது யாரு போட்டதுண்ணே?"

"எங்கப்பா."

"அப்ப அவரு காலத்து பல்பத்தான் தாங்கும். மெயின்லருந்து தனியா கேபிள் இழுக்கணும், எர்த்துக்குக் குழி தோண்டணும், சார்ஜர் பொட்டி ஒண்ணு மாட்டணும். அதுக்கெல்லாம் முன்னாடி ஈ.பி.ல வீட்டுக்கு அனுமதிச்ச லோடக் கூட்டி வாங்கணும்."

"எல்லாம் சேர்த்து எம்புட்டு பாய் ஆகும்?"

"அதப் பாத்துப் பண்ணிக்கலாம்ணே."

"ஒரு தோராயமா?"

"நமக்குள்ள என்னண்ணே, நீங்க குடுக்கறதக் குடுங்க."

இதைவிடப் பயங்கரமான தொகை உலகத்தில் இல்லை.

மின்வாரிய அலுவலகத்தில் ஒரு அம்மா என் மீட்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுல கஸ்பார்னு இருக்கே, அவரு எங்க? அவரு கையெழுத்துப் போடணும்."

கஸ்பார் என் அப்பா. ஒன்பது வருடமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ஆனால் அட்டையின்படி இன்னும் எங்கள் வீட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் கட்டணமும் கட்டுகிறார். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தெருவில் பாதி மீட்டர்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் பெயரில்தான் ஓடுகின்றன.

"மொதல்ல பேரு மாத்துங்க சார். வாரிசுச் சான்றிதழ் வையுங்க. வாரிசு எத்தன பேரு?"

"ரெண்டு. நானும் அக்காவும்."

"அக்காட்ட ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு வந்துருங்க. அதுக்கப்புறம் லோடு பத்திப் பேசலாம்."

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அக்கா எழுதுவதுபோல நானே எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா செபாஸ்தியம்மாள் வத்தலக்குண்டில் இருக்கிறாள். மச்சான் தவறி நாலு வருடம். வாடகை வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பு. அப்பாவின் முப்பதாம் நாள் அன்று, "பொட்டப்புள்ளைக்குத்தான் நகை போட்டாச்சே, வீடு பயலுக்கு" என்று பெரியவர்கள் பந்தியிலேயே முடித்துவிட்டார்கள். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். நானும் குடித்தேன். அன்றிலிருந்து அவள் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. இதற்கு எங்கள் வீட்டில் ஒற்றுமை என்று பெயர்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நாற்கரச் சாலையில் ஒரு ஓட்டலில் மட்டும் சார்ஜ் போடும் இடம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு தினமும் அங்கே ஒன்றரை மணி நேரம் கிடந்தேன். சும்மா உட்கார விடமாட்டார்கள் என்பதால் ஒரு நெய் ரோஸ்ட், ஒரு காபி, அப்புறம் கூச்சத்துக்கு ஒரு வடை. கார் நிரம்புவதற்குள் நான் நிரம்பினேன். சனிக்கிழமை அந்த மெஷினும் பழுதாகிவிட்டது. காரில் ஒன்பது சதவீதம்.

"பஸ்ல போயி அக்காட்டயே கேளுங்க" என்றாள் என் மனைவி ஆரோக்கியமேரி.

"அக்கா என்ன நெனைக்கும்?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலப்பா. ஒங்க அக்கா, ஒங்க வீடு." அவள் இருப்பதும் அதே வீடுதான்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினேன். போதாது என்று தோன்றி இன்னொரு கிலோ வாங்கினேன். அக்கா தையல் மெஷினில் இருந்தாள். மேலே ஓட்டு இடுக்கில் ஒரு தார்ப்பாய் செருகியிருந்தது. முந்தாநாள் மழைத் தண்ணீர் ஒரு வாளியில் நின்றது.

"ஏலே ராசு, கார் வாங்கிட்டு பஸ்ல வார?"

"அது ஒரு பெரிய கதைக்கா."

கதையைச் சொன்னேன். நர்கீஸின் மிக்ஸி ஜார்வரை வந்ததும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் காகிதத்தை எடுத்து நீட்டினேன். நல்ல நேரம் பார்த்து நீட்டுவதாக நினைப்பு.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நாலு வரிதான். ஜாக்கெட் அளவு எடுப்பதுபோல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து நகர்த்தினாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. சும்மா மீட்டருக்குத்தான். கரண்டுக்காரங்க கேக்குறாங்க."

"மீட்டரு ஒம்பேருக்கு வந்துரும்."

"ஆமா."

"அப்புறம் வீட்டு வரி?"

"அது... அது வேற ஆபீசுக்கா."

எனக்கே என் பதில் அந்த விற்பனைப் பையனின் குரலில் கேட்டது. அக்கா காகிதத்தை மடிக்கவில்லை, திருப்பித் தரவும் இல்லை. மெஷின் பலகையில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் கத்தரிக்கோலைத் தூக்கி வைத்தாள். வாசலில் யாரோ ஒரு பெண் ஜாக்கெட் கேட்டு வந்தாள். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். எனக்குக் காபி போட்டுத் தந்தாள். அதில் சர்க்கரை சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வேறு ஏதாவது பேசலாம் என்று பார்த்தேன். தார்ப்பாயைப் பார்த்தேன், வாளியைப் பார்த்தேன். வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"என் மேல கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்லடா."

"பின்ன என்னதான்க்கா நெனைக்கிற? ஒளிக்காமச் சொல்லு."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அது எனக்கும் அப்பா வீடுதான் ராசு. பின்னாடி ரெண்டு ரூமையும் எம்பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக் குடு. அன்னைக்கே இதுல போடுறேன். அதுக்கு முன்னாடி நீ எத்தன தடவ வந்தாலும் போட மாட்டேன்."