மாதவராஜ் போனில் இருந்த கார்

அம்பிகா காரை விற்கப் போகிறாள் என்பது மொரப்பூர் முழுக்கத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. வாங்கத்தான் ஆளைக் காணோம். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் வருவார், காரை ஒரு சுற்று சுற்றுவார், டயரை எட்டி உதைப்பார், காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு நாளும் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, நடுநடுவே திட்டும் வாங்கிக்கொண்டு வருகிற நர்சுக்கு வாரத்தில் இருந்த ஒரே ஓய்வு இப்படிப் போயிற்று.

முதலில் வந்தவர் நஞ்சப்பன். கூடவே ஆண்டி என்ற மெக்கானிக்கையும் கூட்டிவந்தார். பழைய வண்டி பார்க்க மெக்கானிக் இல்லாமல் போனால் இந்தப் பக்கத்தில் ஏமாளி என்பார்கள். ஆண்டி இருபத்தெட்டு வருஷமாக டீசல் வண்டி பார்க்கிறவர். பானட்டைத் திறந்தார். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுகிற டப்பாவைத் தவிர உள்ளே அவருக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. வண்டியை ஆன் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தமும் இல்லை.

"ஆயில் எப்ப மாத்துனீங்க, நர்சம்மா?"

"இது கரண்ட் வண்டிங்க, இஞ்சின் ஆயிலே கிடையாது."

ஆண்டி நஞ்சப்பனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். தெரியாது என்று சொல்லிவிட்டால் பார்க்க வந்த கூலியை எப்படி வாங்குவது? "வாங்குன நாள்ல இருந்து ஆயிலே மாத்தாம ஓட்டியிருக்காங்க, வேணாம் வுடுங்க" என்று அவர் சொன்னது அம்பிகாவின் காதில் நன்றாகவே விழுந்தது.

அடுத்து வந்தவர் காரிமங்கலத்து விவசாயி. கெணத்து மோட்டார் கரண்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா, அது இலவசம்தானே என்று கேட்டார். அப்படிப் போட்டால் பிடித்துவிடுவார்கள் என்று அவள் சொன்னதும் முகம் வாடிப்போய் எழுந்துவிட்டார். மூன்றாவது ஆள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கி, பெண்டாட்டியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய், நாலு மணி நேரம் கழித்து ஒன்பது சதவீத சார்ஜோடு திரும்பினார். பொங்கல் பிரசாதம் கொடுத்தார். "வண்டி அருமைங்க. ஆனா எங்க வூட்ல வெள்ளக் கலரு ஆகாது" என்றார். போனில் பேசும்போதே வெள்ளைக் கார் என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

"எதுக்குக்கா இந்தத் தொல்ல? நல்லாத்தான ஓடுது, வச்சிக்கயேன்" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி சுமலதா.

"அலுத்துப்போச்சு" என்றாள் அம்பிகா. அது உண்மைதான். ஆனால் காரால் வந்த அலுப்பு இல்லை.

கார் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வண்டி அவள் பேரில், தவணை அவள் சம்பளத்தில். ஆனால் ஷோரூமில் ஆப் போடுவதற்குப் போன் கேட்டபோது முந்திக்கொண்டு நீட்டியவன் அவள் புருஷன் மாதவராஜ். ஊருக்கு அவர் என்று சொல்ல வேண்டும். கதைக்கு அவன் போதும். கார் எங்கே நிற்கிறது, எங்கே போகிறது, சார்ஜ் எத்தனை, கதவு பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அவன் போனில் தெரியும். அவளிடம் இருந்தது சாவி மட்டும். இரண்டு வருஷம் கழித்து, ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்த மாதவராஜ் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். பிள்ளையில்லாத வீடு, தடுக்க யாரும் இல்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறிப் போனான். சரியாக ஒரு சண்டைகூட நடக்கவில்லை.

அவன் கிளம்பிப் போன பத்தாம் நாள் ஒரு மெசேஜ் அனுப்பினான். "டிரைவர் சைடு கதவு பூட்டல." அம்பிகா வெளியே போய்ப் பார்த்தாள். உண்மையிலேயே பூட்டவில்லை. ஓசூரில் எவளோ ஒருத்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவன் என் வாசலைப் பார்க்கிறானா?

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அவள் இரண்டு வருஷம் கார் ஓட்டினாள். வக்கீலைப் பார்க்க தர்மபுரி போனால் ஜவுளிக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, புடவை எடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வெயிலில் நடந்து போனாள். அவன் இல்லாத முதல் தீபாவளிக்கு ஒகேனக்கல் போனாள். நிறுத்தின இடத்திலேயே நாலு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து புளிசாதம் தின்றுவிட்டு, அருவியை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினாள். காய்ச்சலில் நாலு நாள் படுத்தபோது சுமலதாவிடம் சாவியைக் கொடுத்து பொம்மிடி வரைக்கும் ஒரு சுற்று போய்வரச் சொன்னாள். கார் அசையாமல் நின்றால் இவள் ஒடிந்து விழுந்துவிட்டாள் என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

ஆப்பை அவள் பேருக்கு மாற்றியிருக்கலாம்தான். கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டும் பார்த்தாள். பழைய நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் மாற்றிவிடலாம் என்றார்கள். அவனிடம் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டாள். அதை வைராக்கியம் என்று சுமலதாவிடம் சொல்லிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், மாற்ற அவளுக்கு மனசில்லை. அவன் பார்க்கிறான் என்று திட்டிக்கொண்டே தினமும் காலையில் எழுந்து, தலைவாரி, காரை எடுத்தாள். அந்தத் திட்டு இல்லாவிட்டால் எழுந்திருப்பாளா என்று அவளுக்கே தெரியாது.

ஒருநாள் காரிமங்கலம் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள், ஊரை மூன்று தரம் வெறுமனே சுற்றினாள். மூன்றாவது சுற்றில் காரை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உடம்பெல்லாம் களைப்பாக இருந்தது. இந்தக் கார் இருக்கிற வரைக்கும் அவன் கண்ணுக்குள்தான் குடியிருக்க வேண்டும், விற்றுத் தொலைத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு பண்ணினாள்.

கடைசியில் பொம்மிடியிலிருந்து தமிழ்மணி வந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். மெக்கானிக்கை அழைத்துவரவில்லை. பேட்டரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படித்தார், தன் கையாலேயே ஓட்டிப் பார்த்தார், பேசின விலைக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஆப்ல பேரு மாத்திக் குடுத்துருங்க சிஸ்டர். எங்க மச்சான் ஒரு கரண்ட் ஸ்கூட்டர் எடுத்தாரு. வித்தவன் அவன் வூட்ல உக்காந்துகினே லாக் பண்ணிப்புட்டான். நடுரோட்ல நின்னுட்டாரு மனுசன். வர்ற ஞாயித்துக்கிழம வர்றேன், மாத்திட்டா அப்பவே எடுத்துக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க அம்பிகா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"ஆறு நம்பரு. வாங்கிட்டு வச்சிடுக்கா" என்றாள் சுமலதா.

"எங்கெங்க போன, யார்கூடப் போனன்னு கேப்பாரு."

"கேட்டா?"

"கேக்கட்டும். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கேன்."

வைத்துத்தான் இருந்தாள். குளிக்கும்போதும், மருந்து எடுத்து வைக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒகேனக்கலுக்கா? சிநேகிதிங்களோட போனேன், வயிறு வலிக்கச் சிரிச்சோம். தர்மபுரியா? ஆமா, நாலு புடவை எடுத்தேன், என் காசு. சொன்னால் அவன் வாய் அடைத்துப்போகும். இரண்டு வருஷத்துக்கும் அந்த ஒரு நிமிஷம் போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிறு பத்து மணிக்கு தமிழ்மணி வந்துவிட்டார். வாசலில் நின்று தன் போனில் எதையோ தட்டிவிட்டு, "இப்ப பழைய நம்பருக்கு ஓடிபி போவும் சிஸ்டர்" என்றார். அம்பிகா உள்ளே போய் நம்பரைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்பிகா பேசறேன்."

"ம், சொல்லு. நல்லாருக்கியா?" அவனுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"காரை விக்கிறேன்."

"எது, அந்த வெள்ளக் காரா? இன்னுமா வச்சிருந்த? அதை அப்பவே நீ குடுத்திருப்பன்னுல்ல நெனச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஒத்திகை பார்த்ததில் இந்த இடமே வரவில்லை. "அந்த ஆப் உங்க போன்லதான் இருக்குது, அதை மாத்தணும்" என்றாள்.

"எந்த ஆப்பு? ஓ, அதுவா. அதெல்லாம் இங்க வந்த புதுசுலயே எடுத்துட்டேன். கதவு பூட்டல, கண்ணாடி ஏத்தலன்னு ராத்திரி பகலா சத்தம் போட்டுக்கினே இருந்துச்சு."

குத்திக்காட்டுகிற குரலாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பழைய வீட்டு கேஸ் கனெக்‌ஷனைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி சொன்னான்.

"அப்ப அதுக்கப்புறம் பாக்கவே இல்லையா?"

"எதை?" என்றான் மாதவராஜ்.

"ஏதோ நம்பர் வந்திருக்குது, இதானா?" என்று அவனே ஆறு எண்ணையும் படித்தான். அவள் எழுதவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். அவனும் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை, பாங்கிலிருந்து பேசுகிறவர்களிடம் சொல்வதைப் போல ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னான். "சரியா? வச்சிரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தான். முன்னெல்லாம் இத்தனை மரியாதை அவனிடம் இருந்ததில்லை.

வெளியே வந்து எண்ணைச் சொன்னாள். தமிழ்மணியின் போனில் கார் ஏறிக்கொண்டது. பேசின பணம் அவள் கணக்குக்கு வந்துசேர்ந்தது. காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "வர்றேனுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் சத்தமில்லாமல் தெருவைத் திரும்பினார்.

சுமலதா தையல் மிஷினை விட்டு ஓடிவந்தாள். "என்னாக்கா ஆச்சு? எங்கெங்க போனன்னு கேட்டாரா?"

"கேக்கல."

"அப்பாடா. நல்லதாப் போச்சு."

அம்பிகா கார் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி நனைந்தது, மறுபடியும் துடைத்தாள். சுமலதா பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

"ஒன்னே ஒன்னாவது கேட்டிருக்கலாம் சுமலதா" என்றாள் அம்பிகா.